பிங்கிக்கு ஒரே ஒரு வாய்

காணும் பொங்கலன்று காலையில் ஆவடிப் பக்கம் ஏதாவது கறிக்கடைக்குப் போயிருக்கிறீர்களா? முந்தின நாள் கறிக்கடைகளுக்கெல்லாம் கட்டாய லீவு. அதனால் மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ஊரே தூக்குவாளியும் எவர்சில்வர் டப்பாவுமாக வந்து நின்றுவிடும். க்யூ தெருமுனையில் திரும்பி, மளிகைக் கடையையும் தாண்டிப் போகும்.

இந்த வருஷம் அந்த க்யூவில் ஒரு விசித்திரமான மனிதர் நின்றார். நெற்றி நிறையத் திருநீறு. வெள்ளை வேட்டி, தோளில் வெள்ளைத் துண்டு. கையில், கல்யாண வீடுகளில் காபி ஊற்றுவார்களே... அந்த சைஸில் ஒரு பெரிய ஃபிளாஸ்க்.

அவர் முறை வந்தது.

"இன்னா சார் வோணும்? தொடையா, நெஞ்செலும்பா?" என்றார் கடைக்கார பாய்.

"கறி வேண்டாம்."

"தலைக்கறி? காலு? குடலு, போட்டி?"

"போட்டியும் வேண்டாம். போட்டிக்குள்ள பச்சையா இருக்கும்லா... அது வேணும். சூடா வேணும்."

பாயின் கத்தி பாதியில் நின்றது. க்யூவும் நின்றது. எங்கோ பின்னால் ஒருவர், "யாரு மாமே இவுரு?" என்று கேட்டது எனக்கே கேட்டது.

யார் என்று நான் சொல்கிறேன். அவர் எங்கள் அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் செகரட்டரி நெல்லையப்பன். திருநெல்வேலிக்காரர். பரம்பரை சைவம். கேக்கில் முட்டை இருக்குமோ என்ற சந்தேகத்தில் சொந்தப் பேரனின் பிறந்தநாளுக்கே கைதட்டிவிட்டு எழுந்து போனவர். அவருக்குப் பின்னால், முந்தானையை வாயில் அமுக்கிச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றது யார்? சாட்சாத் நானேதான்!

எனக்கும் அவருக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வஞ்சிரம் வறுத்தேன். பாவம், அந்த மீனுக்கு லிஃப்டில் ஏறக்கூடாது என்று தெரியவில்லை. அன்று மாலை அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் அறிவிப்பு வந்தது. 'லிஃப்டில் அசைவ வாடை வருகிறது. சம்பந்தப்பட்டவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைக்கவும்.' பெயர் போடவில்லை. ஆனால் சம்பந்தப்பட்டவர் யார் என்று வாட்ச்மேன் வரைக்கும் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து எங்களுக்குள் வெறும் 'குட் மார்னிங்' மட்டும்தான்... அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டு.

அப்பேர்ப்பட்டவரைக் கறிக்கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு மாடு. அதன் பெயர் பிங்கி.

நாங்கள் இருப்பது கோவில்பதாகையில். பில்டிங்கின் பின்பக்கம் இன்னும் யாரும் வீடு கட்டாத ஒரு மனை. அதன் ஓரத்தில் செல்வியின் ஓட்டு வீடும் தகரக் கொட்டகையும். கொட்டகையில் பிங்கி. செவலை நிறம், ஜெர்சி கிராஸ், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. எங்கள் பில்டிங்கில் பாதி வீட்டுக்கு அதன் பால்தான். செல்வியின் வீட்டுக்காரர் பெயிண்டர். வேலை கிடைத்த அன்றைக்கு உண்டு, கிடைக்காத அன்றைக்கு இல்லை. ஆகவே அந்த வீட்டில் தினமும் வேலைக்குப் போகும் ஒரே ஆள் பிங்கிதான்.

மாட்டுப் பொங்கல் வந்தது. செகரட்டரியிடமிருந்து சர்க்குலரும் வந்தது. 'நாளை காலை பார்க்கிங் ஏரியாவில் கோ பூஜை. அனைவரும் பொங்கலுடன் வரவும்.'

எங்கள் பில்டிங்கைப் பற்றி இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் எந்த மாவட்டம் விட்டுப்போயிருக்கிறது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஐ.டி.யில் வேலை பார்க்கும் மதுரைப் பிள்ளைகள், ஃபேக்டரியிலிருந்து ரிட்டயர் ஆன தஞ்சாவூர்க்காரர், கோயம்புத்தூர், நாகர்கோவில்... மற்ற நாளில் எல்லோரும் இந்தியக் குடிமக்கள். பொங்கல் வந்தால் மட்டும் அவரவர் மாவட்டத்துக்குத் தூதர்கள் ஆகிவிடுவார்கள். எங்கள் ஊர்ப் பொங்கல் இப்படி, உங்கள் ஊர்ப் பொங்கல் ஏன் அப்படி என்று ஆரம்பித்துவிடும்.

இத்தனை தூதர்களுக்கும் சேர்த்து இருப்பதோ ஒரே ஒரு மாடு!

காலையில் பிங்கி குளித்து, கொம்பில் நீல பெயிண்ட் அடித்து, கழுத்தில் மாலையும் பலூனுமாக பார்க்கிங்கில் வந்து நின்றது. பெயிண்ட் உபயம், செல்வியின் வீட்டுக்காரர். செகரட்டரி தாம்பாளத்தோடு முதல் ஆளாக நின்று, முதல் வாய் ஊட்டினார். எல்லோரும் கைதட்டினோம். அதற்குப் பிறகு வரிசையாக வந்தார்கள். முந்திரி மிதக்கும் சர்க்கரைப் பொங்கல். நெய் வடியும் வெண்பொங்கல். வெல்லப்பாகு ஏற்றிய அரிசி. கூடவே வாழைப்பழம். பச்சைக் குழந்தைகளின் கையைப் பிடித்து ஊட்டச் சொல்லி போட்டோ, போட்டோ சரியாக வரவில்லை என்று இன்னொரு வாய்.

"போதும்மா, வயிறு ரொம்பிச்சு அதுக்கு," என்று செல்வி கயிற்றைச் சுண்டினாள்.

"ஒரே ஒரு வாய் செல்வி! அவங்க வீட்டுதை மட்டும் சாப்பிடுது, எங்க வீட்டுதைச் சாப்பிடக் கூடாதா?"

இந்தக் கேள்விக்கு செல்வி என்ன பதில் சொல்வாள்? கேட்டவர் பால் வாங்குகிறவர். அடுத்து நிற்பவரும் பால் வாங்குகிறவர். ஏ பிளாக் ஊட்டியதைத் தின்றுவிட்டு பி பிளாக்கை வேண்டாம் என்று சொன்னால் நாளைக்கு பி பிளாக் பாக்கெட் பாலுக்குப் போய்விடும். அவள் கயிற்றைத் தளர்த்தினாள். பிங்கியும் ஆனந்தமாகத் தின்றது. வெல்லம் கசக்குமா என்ன?

சாயந்திரம் விளக்கு வைக்கும் நேரம். செல்வி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். தலை கலைந்து, கண் சிவந்து நின்றாள்.

"அக்கா, பிங்கி அசை போடல. தண்ணி காட்டினா மூஞ்சியைத் திருப்பிகினு கீது. பல்லை நறநறன்னு கடிக்குது. எனக்கு பயமா கீதுக்கா. எனக்குன்னு கீறது இது ஒண்ணுதான். இது பூட்ச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

ஓடினேன். பிங்கி படுத்திருந்தது. கொம்பில் நீல பெயிண்ட், கழுத்தில் பாதி காற்றுப் போன பலூன், கண்ணில் உயிரே இல்லை. இடது வயிறு புடைத்திருந்தது. காலையில் கைதட்டிய அத்தனை பேரும் ஒவ்வொருவராகக் கொட்டகை வாசலில் வந்து நின்றார்கள். இந்தத் தடவை யார் கையிலும் தட்டு இல்லை.

பட்டாபிராமிலிருந்து ஒரு கால்நடை டாக்டர் வந்தார். சின்னப் பெண், நாமக்கல் பக்கம். பண்டிகை நாளில் கூப்பிட்டதற்கு முகம் சுளிக்கவில்லை. வயிற்றில் கை வைத்து அழுத்தினார். காதில் குழாயை மாட்டிக் கேட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"என்னங்க குடுத்தீங்க?"

எல்லோரும் செகரட்டரியைப் பார்த்தோம். செகரட்டரி தரையைப் பார்த்தார்.

"பொங்கல்," என்றார்.

"எவ்வளவு?"

"ஆளுக்கு ஒரு வாய்."

டாக்டர் பில்டிங்கை அண்ணாந்து பார்த்தார். மாடி மாடியாகக் கண்ணை ஏற்றிக்கொண்டு போனார்.

"ஆப்ப சோடா இருந்தா கொண்டு வாங்க. எல்லார் வீட்டுலயும் இருக்கறதை."

காலையில் பொங்கலோடு இறங்கி வந்த அதே வீடுகள் சோடாவோடு இறங்கி வந்தன. ஹார்லிக்ஸ் பாட்டிலில், பொட்டலத்தில், கடுகு டப்பாவில். என் வீட்டுக்காரருக்கு இருபது வருஷமாக வாயுத் தொல்லை. தலைமாட்டில் வைத்திருக்கும் கேஸ் பவுடர் பாக்கெட்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்து நீட்டினார். அவர் வாழ்க்கையில் செய்த மிகப் பெரிய தியாகம் அது.

"இது வேண்டாங்க சார். உங்களுக்கே ஆகும், வெச்சுக்குங்க," என்றார் டாக்டர்.

சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாக உள்ளே இறக்கினார். ஊசி போட்டார், பாட்டில் ஏற்றினார். பாட்டில் சொட்டுச் சொட்டாக இறங்கும்போது செகரட்டரி மெதுவாகக் கேட்டார்.

"மாடு எதையும் செரிச்சிரும்னுல்லா நினைச்சோம்? கல்லு மாதிரி வைக்கோலைத் திங்குது. மெத்துன்னு குழைஞ்ச சோறு என்ன பண்ணும்?"

"அங்கதாங்க எல்லாரும் தப்பு பண்றாங்க. வைக்கோலை மாடு செரிக்கறதில்லீங்க. அதுக்கு அந்தச் சக்தியே கெடையாது."

எல்லோரும் ஒரு அடி முன்னால் வந்தோம்.

"மாட்டோட முதல் வயிறு பெரிய தொட்டி மாதிரிங்க. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உயிருங்க கோடிக்கணக்குல குடியிருக்குது. மாடு வைக்கோலை உள்ள தள்ளும். அதுங்கதான் அதைப் புளிக்க வெச்சு சத்தா மாத்தும். அந்தச் சத்தை மாடு எடுத்துக்கும். கடைசியில அதுங்களும் அடுத்த வயித்துக்குப் போனா, அதுங்களையும் மாடு செரிச்சிடும்."

குடிவைத்து, வேலை வாங்கி, கடைசியில் குடித்தனக்காரரையே விழுங்குவது! திருநின்றவூரில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது எங்களுக்கு அப்படி ஒரு ஹவுஸ் ஓனர் இருந்தார். அவரைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கம் போதாது. விடுங்கள்.

"வைக்கோல் திங்கற கூட்டம் நிதானமா வேலை செய்யும்ங்க. அரிசியும் வெல்லமும் மொத்தமா வந்து விழுந்தா, இன்னொரு கூட்டத்துக்கு அடிச்சது யோகம். அது மளமளன்னு பெருகி, தொட்டி முழுக்க ஒரே புளிப்பாக்கிடும். அந்தப் புளிப்புல பழைய ஆளுங்க எல்லாம் செத்துடுவாங்க. அப்புறம் அசை எங்க வரும்?"

எங்கள் அசோசியேஷன் எலெக்‌ஷனை நேரில் பார்த்தவர் மாதிரி சொன்னார்.

பயம் கொஞ்சம் தெளிந்ததும் ஆளாளுக்கு சந்தேகம் வந்துவிட்டது. கோழிக்குப் போட்டிருந்தால்? கோழிக்குப் பல்லே இல்லையாம். பொறுக்கித் தின்னும் சின்னச் சின்னக் கல்லை வயிற்றுக்குள் ஒரு பையில் சேர்த்து வைத்து, அதிலேயே தானியத்தை அரைத்துக்கொள்ளுமாம். சோறெல்லாம் அதற்கு ஒரு விஷயமே இல்லை. குதிரை? அது புல்லைப் புளிக்க வைக்கும் இடம் முன்னால் இல்லை, பெருங்குடல் பக்கம், கடைசியில் இருக்கிறது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாதாம். இவ்வளவு பொங்கலைத் தின்றிருந்தால் அதன் கதி இன்னும் மோசம்.

"அப்ப இவ்வளவு பொங்கலையும் எதுதாம்மா தாங்கும்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"பன்னி தாங்கும்ங்க. அதோட வயிறும் நம்ம வயிறும் ஏறக்குறைய ஒரே மாதிரி."

என் வீட்டுக்காரர் தன் தொப்பையை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, அமைதியாகப் பின்வரிசைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காணும் பொங்கல். காலையில் டாக்டர் மறுபடி வந்தார். வயிற்றுப் புடைப்பு குறைந்திருந்தது. ஆனால் பிங்கி எழவில்லை. அசையும் போடவில்லை. செல்வி ராத்திரி முழுக்க அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள், இடது வயிற்றின் மேல் வைத்த கையை இன்னும் எடுக்கவில்லை.

"புளிப்பு எறங்கிடுச்சுங்க. ஆனா உள்ள வேலை செய்ய ஆள் இல்லை. புதுசா குடி வெக்கணும்," என்றார் டாக்டர். "நல்லா அசை போடற இன்னொரு மாட்டோட வயித்துத் தண்ணி கெடைச்சா நல்லது. இன்னிக்கு அது கெடைக்காது. ஆட்டோடது போதும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் முதல் வயிறு ஒரே அமைப்புதான். இப்பத்தான் அறுத்த ஆடா இருக்கணும். துணியில வடிகட்டி, சூடு ஆறாம கொண்டு வரணும். சீக்கிரமா வந்தா காப்பாத்திடலாம்."

பில்டிங் பாதி காலி. மீதிப் பேர் பீச்சுக்கும் பூங்காவுக்கும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கறிக்கடை எனக்குத் தெரியும். சூடு ஆறாமல் கொண்டுவர எதில் கொண்டு வருவது? என் வீட்டுக்காரர்தான் சொன்னார். மாதாமாதம் மீட்டிங்குக்குக் காபி வருமே... அந்த ஃபிளாஸ்க்!

எல்லோரும் செகரட்டரியைப் பார்த்தோம். அவர் முகத்தில் என்னென்னவோ ஓடியது. ஃபிளாஸ்க் அசோசியேஷன் சொத்து. செகரட்டரி கூட இல்லாமல் கேட்டைத் தாண்டக் கூடாது என்று ரூல் போட்டவரே அவர்தான்.

"சார், நீங்க ஃபிளாஸ்க்கை மட்டும் குடுங்க, நான் போய்ட்டு வந்துடறேன்," என்றேன். உண்மையாகவே இரக்கப்பட்டுத்தான் சொன்னேன். நம்புங்கள்.

அவர் செல்வியைப் பார்த்தார். பிறகு பிங்கியைப் பார்த்தார்.

"முதல் வாய் ஊட்டுனது நான்தானம்மா," என்றார். "நானே வாரேன். கார் எடுக்கேன்."

இப்போது க்யூவுக்கு வந்துவிட்டோமா? பாய் கத்தியோடு உறைந்து நின்றார் இல்லையா? நான் முன்னால் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"மாட்டுக்கா? மொதல்லயே சொல்றதுக்கு இன்னா சார்! நான் பயந்துட்டேன்," என்றார் பாய். பின்பக்கம் பார்த்துப் பையனுக்குக் குரல் கொடுத்துவிட்டு எங்களிடம் திரும்பினார். "தூக்கிப் போடறதுதானே, எவ்ளோ வோணும்னாலும் எடுத்துகினு போ. எதுல வடிக்கப் போற?"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது... துணி கொண்டுவரவில்லை!

நெல்லையப்பன் ஒரு விநாடிதான் யோசித்தார். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து உதறி, இரண்டாக மடித்து, ஃபிளாஸ்க் வாயில் விரித்துப் பிடித்தார். பச்சையும் பழுப்புமாக ஆவி பறக்க ஒன்று அதில் வந்து விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. என்ன மந்திரம் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஃபிளாஸ்க் நிறையும் வரை துண்டைப் பிடித்த பிடியை விடவில்லை.

காரில் ஃபிளாஸ்க் என் மடியில். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் அந்த வாடை இருக்கிறதே... என் வஞ்சிரமெல்லாம் அதன் முன்னால் மல்லிகைப்பூ! ஆயிரம் மீன் வறுத்த எனக்கே குமட்டியது. ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன்.

"சாத்துங்க," என்றார் செகரட்டரி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஜன்னலைச் சாத்துங்க. சூடு போயிரும்."

சாத்தினேன். அந்த அறிவிப்பை முதன்முறையாக மனமுவந்து கடைப்பிடித்தேன். ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த கிண்டல் அத்தனையும் என் தொண்டை வரை வந்தது. ஆனால் அந்த மனிதர் மூச்சை அடக்கிக்கொண்டு ஓட்டிய ஓட்டைப் பார்த்ததும் அப்படியே விழுங்கிவிட்டேன்.

டாக்டர் குழாய் வைத்து ஃபிளாஸ்க்கை அப்படியே பிங்கிக்குள் கவிழ்த்தார். இனி காத்திருக்க வேண்டியதுதான் என்றார். பீச்சுக்குக் கிளம்பியவர்கள் போகவில்லை. புளியோதரைப் பொட்டலங்களைக் கொட்டகை வாசலிலேயே பிரித்தார்கள். ஒரு பயல் தன் பங்கை பிங்கியிடம் நீட்டப்போக, ஐந்தாறு பேர் பாய்ந்து அவன் கையைப் பிடித்தார்கள்.

மத்தியானம் போயிற்று. வெயில் இறங்கியது. பிங்கி முதலில் காதை ஆட்டியது. பிறகு முன்னங்காலை மடித்து, பின்பக்கத்தைத் தூக்கி, தள்ளாடி எழுந்து நின்றது.

"பாருங்க, கழுத்தைப் பாருங்க!" என்று செல்வி கத்தினாள்.

பிங்கியின் கழுத்துக்குள் ஒரு உருண்டை, கீழிருந்து மேலே ஏறியது. வாய்க்குப் போனது. தாடை இடமும் வலமுமாக மெதுவாக அரைக்க ஆரம்பித்தது.

செல்வி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. செகரட்டரி துண்டைத் தேடினார். துண்டு கறிக்கடையிலேயே போய்விட்டது. வேட்டி நுனியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் போட்டார். 'பிங்கி அசை போடுகிறது.' அந்த குரூப்பில் எல்லோரும் ஒத்துப்போன முதல் மெசேஜ் அதுதான்.

நான் அதற்குப் பிறகு யோசித்துப் பார்த்தேன். நாங்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அன்பாகத்தான் ஊட்டினோம். ஆனால் பிங்கியின் வயிற்றுக்கு எது ஆகும் என்று அதை வளர்ப்பவளிடம் ஒருத்தராவது கேட்டோமா? அவள் போதும் என்று சொன்னதையாவது காதில் வாங்கினோமா? நம் தட்டு காலியாகிறதா, பக்கத்துத் தட்டை விட வேகமாகக் காலியாகிறதா என்பதுதானே கவலை! மாட்டுக்கு மட்டுமா இப்படி? விருந்துக்கு வரும் மாப்பிள்ளைக்கு? சர்க்கரை வியாதிக்காரச் சித்தப்பாவுக்கு? பத்தியத்தில் இருப்பவரின் இலையில் நெய்யை ஊற்றிவிட்டு அவர் முகம் மலர்கிறதா என்று குனிந்து பார்க்கும் ஜாதி நாம். ஊட்டுகிறவர்களுக்கு மனசு நிறைந்துவிடுகிறது. வயிறுதான் தனியாக மாட்டிக்கொள்கிறது.

மருந்து ஏற்றியதால் சில நாள் பிங்கியின் பால் யாருக்கும் ஆகாது என்றார் டாக்டர். பில்டிங் மொத்தமும் முணுமுணுக்காமல் பாக்கெட் பால் குடித்தது. பிறகு செல்வி மறுபடி தூக்குவாளியோடு படியேறி வந்தாள்.

அடுத்த அசோசியேஷன் மீட்டிங். செகரட்டரி எழுந்து ஒரே ஒரு தீர்மானம் வாசித்தார். அடுத்த மாட்டுப் பொங்கலுக்கு பிங்கிக்கு என்ன, எவ்வளவு என்று செல்வி சொல்வதுதான் முடிவு. எல்லோரும் கை தூக்கினோம். தீர்மானத்துக்காக செல்வியையும் அழைத்து, முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். லிஃப்ட் வாடையைப் பற்றி அன்று செகரட்டரி வாயே திறக்கவில்லை.

கடைசியில் காபி வந்தது.

அதே ஃபிளாஸ்க்கில்.

"நல்லா கழுவியாச்சு," என்றார் செகரட்டரி. "வெந்நி ஊத்தி, புளி போட்டு, மூணு தடவை."

ஒருவரும் அசையவில்லை. ஒருவருக்குத் திடீரென்று போன் வந்தது. என் வீட்டுக்காரருக்கு வாயு. எனக்கு... எனக்கு அந்தக் கார் பயணம் ஞாபகம் வந்தது. டம்ளர்களில் ஊற்றிய காபி ஆவி பறக்க வரிசையாக நின்றது.

செல்வி எங்களைப் பார்த்தாள். எழுந்தாள். முதல் டம்ளரை எடுத்துக் கடகடவென்று குடித்தாள். இரண்டாவதை செகரட்டரியிடம் நீட்டினாள். அவர் குடித்தார். மூன்றாவது டம்ளரோடு நேராக என்னிடம் வந்தாள்.

"இன்னாக்கா, டம்ளரையே பாத்துகினு கீற? பிங்கி பால்லதான் போட்டது. பாக்கெட் பாலை மட்டும் குடிச்ச, என் பால் காபி வோணாமா?" முகத்தில் சிரிப்பே இல்லை. கண்ணில் மட்டும் இருந்தது. "ஒரே ஒரு வாய்க்கா!"

கயிற்றைச் சுண்டி என்னைக் காப்பாற்ற அங்கே யாரும் இல்லை. வாயைத் திறந்தேன்.